பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு

எங்கள் பள்ளியில் என்னைப் பற்றி ஒரு தவறான அபிப்பிராயம் உண்டு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதுதான் அது. ஒருமுறை அலுவலக அறையிலிருந்த பிரிண்டர் காகிதத்தை வாயில் கவ்விக்கொண்டு அழிச்சாட்டியம் செய்தபோது, ஆத்திரத்தில் அதன் முதுகில் ஒரு போடு போட்டேன். உடனே துப்பிவிட்டது. அன்று முதல் பள்ளிக்கு எந்தப் புள்ளிவிவரம் வேண்டுமென்றாலும் அது என் மேஜையில்தான் வந்து விழும். போதாக்குறைக்கு நான் கணக்கு வாத்தியார் வேறு. இந்த வேலைக்கு வந்த இருபத்து மூன்று வருடத்தில் தலையில் இருந்ததெல்லாம் கழித்தலில் போய்விட்டது. இடுப்பில் மட்டும் கூட்டல்.

பள்ளி, ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும். பிள்ளைகளில் பெரும்பாலோர் உள்ளூர். மணியடித்தால் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மலையடிவாரத்தில் காட்டுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கிற கொட்டாய்களிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் டவுன் பஸ்.

அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அவர் கெங்கவல்லிப் பக்கத்துக்காரர். எங்களைப் போல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுத் தடவிக்கொடுக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அவர் வந்த புதிதில் ஊரில் பாதிப் பேர், புது டீச்சருக்கு எப்போதும் வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதணும். பெத்தவங்களைப் பாத்து, என்ன நல்லா இருக்கு, என்ன கொறைன்னு தகவல் எடுக்கணும். அதை வச்சு என்ன செய்யப்போறோம்னு எழுதணும். மூணு வாரத்துல பெத்தவங்க கூட்டம். அதுல நீங்கதான் படிக்கிறீங்க."

"நானா டீச்சர்?"

"பிரிண்டரையே வழிக்குக் கொண்டுவந்தவரு நீங்க."

மறுக்க வாயெடுத்தேன். அப்போதுதான் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கொட்டாய்ப் பக்கம். கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை. கையில் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். மகளுக்கு டி.சி. கேட்டு எழுதின விண்ணப்பம்.

மகள் என்னிடம் ஏழாம் வகுப்பு படிப்பவள். நான் கணக்கைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையை வைத்துக்கொண்டு, நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. எட்டாம் வகுப்பில் ஒரு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதை எழுத முடியாது. இவள் எழுதினால் நிச்சயம் தேறுவாள் என்று போன வருடத்திலிருந்தே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அதற்கென்று ஒரு தனி நோட்டே வைத்திருந்தாள்.

"நல்லா படிக்கிற பொண்ணு. எங்க சேக்கப்போற?" என்றார் தலைமையாசிரியை.

"இங்கிலீஸ் மீடியத்துலதானுங்க. ஆட்டைக் கீட்டை வித்தாச்சும் சேத்திப் போடலாமுன்னு ரோசனைங்க."

"இங்க என்ன பிரச்சனை?"

"பிரச்சனையெல்லாம் ஒன்னுமில்லீங் டீச்சர். நல்ல பள்ளிக்கூடமுங்க. நல்ல வாத்தியாருங்க." எனக்கு ஒரு கும்பிடு போட்டார். "புள்ள போக மாட்டேன்னுதான் ஒரே அழுவாச்சி. என்னுங்க பண்றது, ஊட்டுல அப்படி முடிவாயிப்போச்சுங்க."

தலைமையாசிரியை விண்ணப்பத்தை வாங்கிப் பிரித்து, மேஜையிலிருந்த கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தார். "கூட்டம் முடியட்டும். அன்னைக்கு வந்து டி.சி. வாங்கிக்க" என்றார். அந்த அம்மா போனதும் என்னிடம் திரும்பினார்.

"ஏதோ ஒரு கொறை இருக்கு. வாயைத் தொறக்க மாட்டேங்குது. அது என்னன்னு உங்க சர்வேல தெரியணும் சார். கூட்டத்துக்குள்ள தெரியலேன்னா அந்தப் பொண்ணு போயிடும்."

எனக்கு மார்பு விரிந்துவிட்டது. ஒரு பெண்ணின் படிப்பு என் படிவத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து பன்னிரண்டு கேள்விகளுடன் ஒரு படிவம் தயாரித்தேன். ஓரத்தில் பூ டிசைன் கூடப் போட்டேன்.

முதல் வீட்டில் என் வண்டிச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"வாங் சார், வாங்க! ஏம்புள்ள, அந்தச் சேரைத் தொடைச்சுப் போடு. சாருக்கு மோரு கொண்டா."

"இருக்கட்டுங்க. ஒரு சின்னத் தகவல்தான். பள்ளிக்கூடத்துல புள்ளைக்கு ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?"

"கொறையா? ஏஞ்சாமி, நீங்கெல்லாம் இருக்கறப்ப எங்களுக்கென்னங்க கொறை?"

"குடிதண்ணி எப்படிங்க?"

"அருமையான தண்ணிங்க."

"நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஆனா அருமையாத்தானுங்க இருக்கும்."

"பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ் கதவு?"

"நல்ல கதவுங்க."

அந்தக் கதவு கீல் கழன்று விழுந்து பல நாளாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெறும் கதவாகப் பார்த்தால் நல்ல கதவுதான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படிவத்தில் 'திருப்தி' என்று டிக் அடித்தேன்.

இரண்டாவது வீடும் திருப்தி. மூன்றாவது வீட்டில் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே திருப்தி. டி.சி. கேட்ட அம்மாவின் வீட்டுக்கும் போனேன். அவர் பண்ணைக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் மட்டும் இருந்தார். லாரிக்குப் போகிறவர், அன்றைக்குத்தான் வந்து இறங்கியிருந்தார். அவரும் திருப்தி. 'திருப்தியா இருந்தா எதுக்குங்க டி.சி.?' என்று கேட்டேன். "அதானுங்களே!" என்று அவரும் என்னோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டார்.

எந்த வீட்டிலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு வீட்டில் சுரைக்காய். ஒரு வீட்டில் முருங்கைக்காய்க் கட்டு. இன்னொரு வீட்டில் நாட்டுக்கோழி முட்டை ஆறு. அதை வண்டியில் வைத்துக்கொண்டு பள்ளம் மேடெல்லாம் உருட்டிப் போன பாட்டை நான்தான் அறிவேன். சாயங்காலம் நான் வாசலில் வந்து இறங்கியதும் என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"தகவல் எடுக்கப் போனீங்களா, சந்தைக்குப் போனீங்களா?"

"தகவல்தான்."

"அப்ப நாளைக்குத் தக்காளித் தகவலும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

ஒரு வாரத்தில் எல்லா வீடும் முடிந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடம் போட்டேன். பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு கட்டம், எல்லாம் ஒரே உயரம். வண்ணம் மட்டும் வேறு வேறு. தலைமையாசிரியை அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது? காம்பவுண்டுச் செவுரா?"

"பெற்றோர் திருப்தி டீச்சர்."

"இவ்வளவு நல்ல பள்ளிக்கூடத்துக்கு மேம்பாட்டுத் திட்டம் எதுக்கு? பூட்டிட்டுப் போயிடலாம்."

கண்ணாடிக் குண்டின் அடியில் அந்தத் தாள் இருந்தது. குண்டு அதன் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முகத்துக்கு நேரே சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள், எழுதிப் போடச் சொன்னால் போடுவார்கள் என்று அடுத்த யோசனை. ஒரு பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு, 'குறைகளைக் கூறுங்கள், பெயர் தேவையில்லை' என்று எழுதிப் பள்ளி வாசலில் கட்டினேன். நாலு நாள் கழித்துத் திறந்தேன். உள்ளே ஒரு கல்யாணப் பத்திரிகை, மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ், தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கு எழுதின மனு, ரப்பர் ஒன்று, பாதி கடித்த கொய்யாக்காய் ஒன்று. அடியில் ஒரே ஒரு சீட்டு எங்களுக்கு. 'எந்தக் குறையும் இல்லை. நன்றி.' பெயர் தேவையில்லை என்று எழுதியிருந்தும் பெயர், அப்பா பெயர், கைப்பேசி எண் எல்லாம் போட்டிருந்தார்கள். பத்திரிகைக்கு மரியாதையாக அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் போய்விட்டு வந்தேன். பந்தியில் எனக்கு இருபுறமும் பெற்றோர்கள்தான். இருவருக்கும் பரம திருப்தி.

கூட்டத்துக்கு எட்டே நாள் இருந்தது. ஆசிரியர் அறையில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த இங்கிலீஷ் டீச்சர் டப்பாவை மூடினார். சேலத்துக் கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அப்பாவோடு கடையில்தான் இருப்பாராம்.

"சார், எங்க அத்தா கடையில ஒருத்தர்கூட துணி நல்லா இல்லேன்னு சொன்னதே இல்ல. 'அப்புறமா வரேன் பாய்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அத்தா என்ன பண்ணுவாருன்னா, 'உங்களை விடுங்கம்மா, உங்க சம்பந்தி ஊட்டுக்கு இந்தச் சேலையை எடுத்துட்டுப் போனா என்ன சொல்லுவாங்க?'ம்பாரு. அவ்வளவுதான். சாயம் போவும், கரை கோணலு, முந்தானையில பூவு பத்தாதுன்னு ஒரு மணி நேரம் சொல்லுவாங்க."

"எல்லாம் சம்பந்தி சொல்றதா?"

"சம்பந்தி சொல்றதுதான். இவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப நான்…"

"அவங்க புள்ளையப் பத்திக் கேக்காதீங்க சார். பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு என்ன கொறைன்னு கேளுங்க."

மறுநாள் பூ டிசைன் இல்லாத வெள்ளைத் தாளோடு கிளம்பினேன். அதே முதல் வீடு. அதே நாற்காலி. அதே மோர்.

"உங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லீங்க, அது தெரியும். பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு ஏதாச்சும்…"

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டதுனால சொல்றனுங் சார். நமக்கொன்னுமில்லீங்க. அந்தப் புள்ளதானுங்க பாவம். கதவில்லாத கக்கூஸுக்கு எப்படிங்க ஒரு வயசுப்புள்ள போவா? காலையில போயிட்டுச் சாயங்காலம் ஊடு வந்து சேர்ற வரைக்கும் தண்ணி ஒரு மொடக்குக் குடிக்கறதில்லீங்களாமா. அப்பறம் அந்தத் தண்ணி! உப்புன்னா உப்பு, அப்படி ஒரு உப்பாமா!"

எழுதினேன். பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள், முதல் வீட்டுப் பிள்ளைக்குக் கதவில்லாத கக்கூஸும் உப்புத் தண்ணியும் எவ்வளவு கஷ்டம் என்று கண் கலங்கச் சொன்னார்கள். மதிய சாப்பாட்டில் முட்டை உடைந்து வருவது, விளையாட்டுச் சாமானெல்லாம் பீரோவுக்குள்ளேயே கிடப்பது, மழை பெய்தால் நாலாம் வகுப்பில் குடை பிடிப்பது என்று ஊர் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. ஒருவருக்கும் தன் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக வயிறெரிந்தது. இவ்வளவு கருணையுள்ள ஊரை நான் பார்த்ததில்லை.

கொட்டாய்ப் பக்கம் போனபோது எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம் காத்திருந்தது. அங்கே ஒரு பெரியவர் சொன்னார்:

"நமக்கொன்னுமில்லீங்க. அக்கட்ட கொட்டாய்ப் புள்ளைங்க சொல்லுதுங்க, கணக்கு சார் அவ்வளவு நல்லா சொல்லிக் குடுக்கறாருங்களாமா. நேரம் போறதே தெரியறதில்லீங்களாமா."

நான் பேனாவை மூடிவிட்டுத் திறந்தேன். "மறுபடியும் சொல்லுங்க."

"நேரம் போறதே தெரியறதில்லீங்களாமா" என்றார், நிறுத்தி நிதானமாக.

அடுத்த கொட்டாயில் ஒரு பாட்டி. "கணக்கு வாத்தியாருங்களா? அட, கதையெல்லாம் சொல்லிச் சொல்லித் தருவீங்களாமா. இருட்டுக் கட்டற வரைக்கும் கேட்டுட்டே இருக்கலாமாமா, சாமி." அதற்கடுத்த வீட்டிலும் அதே. டி.சி. கேட்ட அம்மா அன்றும் இல்லை. அவருடைய வீட்டுக்காரரும் லாரிக்குப் போய்விட்டிருந்தார். ஆனால் மற்ற ஏழு கொட்டாய்களிலும் என் புகழ்தான். அன்றைக்கு நான் வண்டியை ஓட்டவில்லை, வண்டிதான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. திட்ட அறிக்கையில் 'பள்ளியின் பலங்கள்' என்ற தலைப்பில் முதல் வரியாக எழுதினேன்: 'கணிதப் பாடம் மிகுந்த ஈடுபாட்டுடன் கற்பிக்கப்படுகிறது. ஏழு குடும்பங்கள் பாராட்டு.' அடக்கம் கருதி என் பெயரை மட்டும் போடவில்லை. அடிக்கோடு போட்டேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அறிக்கையைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். கதவு, தண்ணீர், ஓடு எல்லாவற்றையும் படித்து, "இப்பத்தான் இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்றார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"இந்த ஏழு குடும்பம் எது எது?"

வீட்டு வாரியாக எழுதின தாளை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டதாகவும் ஞாபகம். அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார்.

"ஏழும் கொட்டாய்."

"ஆமாங் டீச்சர்."

"உள்ளூர்ல ஒருத்தர்கூட உங்களைப் பாராட்டலியே. நடந்து போற புள்ளைங்களுக்கும் நீங்கதானே கணக்கு எடுக்கிறீங்க?"

"அவங்களுக்கு ரசனை பத்தாது டீச்சர்."

"பஸ்ல போற புள்ளைங்களுக்கு மட்டும்தான் ரசனையா?" பென்சிலைக் கீழே வைத்தார். "ஏழாவதுக்குக் கடைசி பீரியடு என்ன?"

"கணக்கு."

"மணி எப்ப அடிக்கிறோம்?"

"நாலு பத்து."

"கொட்டாய் பஸ்?"

"நாலு இருபது."

"அதுக்கப்புறம்?"

"ஆறரைக்குத்தான் டீச்சர்."

"நீங்க எப்ப முடிக்கிறீங்க?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் கடைசி பீரியடைக் கேட்டு வாங்கினதே நான்தான். சாயங்காலம் பிள்ளைகள் தூங்கி வழிகிற நேரம், அவர்களைச் சிரிக்க வைத்துக் கணக்குச் சொல்லித்தர என்னை விட்டால் ஆளில்லை என்று வாதாடி வாங்கினேன். விகிதம் நடத்தும்போது போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர் கதை. சராசரி நடத்தும்போது என் மாமனார் கதை. மணியடித்தாலும் கதையைப் பாதியில் விட முடியாதே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த அந்தப் பெண் மட்டும் நெற்றியைச் சுருக்கி வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறாள் என்று நான் பூரித்துப்போவேன். ஜன்னலுக்கு வெளியே தெரிவது பஸ் வருகிற ரோடு.

"இந்த ஊர்க்காரங்க யாரும் உங்களைப் பாராட்டல சார்" என்றார் தலைமையாசிரியை. "திட்டியிருக்காங்க. நான் கெங்கவல்லிக்காரி, எனக்கே புரியுது. நீங்க இங்கயே பொறந்தவரு."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் நேரிலே பார்த்துவிடுவது, மணியடித்தவுடன் விட்டால் எல்லாப் பிள்ளைகளும் பஸ் ஏறுகிறார்களா என்று சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன். மறுநாள் கடைசி பீரியடில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேலேயே வைத்துக்கொண்டேன். நேரத்துக்கு முடிப்பதன் அருமையைப் பற்றி ஒரு சின்னக் கதை சொல்லி ஆரம்பித்தேன். கதை முடிந்தபோது மணி நாலு இருபத்தேழு.

பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டார்கள். ஏழாவதில் கொட்டாய்ப் பிள்ளைகள் நாலு பேர். அவர்களோடு சேர்ந்து போவதற்காகக் காத்திருந்த சின்ன வகுப்புக்காரர்கள் மீதி. நானும் அவர்களோடு நடந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் வண்டியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டேன்; பாதி வழியில் அதற்காகவும் வருந்தினேன்.

"சாருக்கு மூச்சு வாங்குது, பையைக் குடுங் சார்" என்றான் மூன்றாம் வகுப்புக்காரன் ஒருவன்.

"தெனமும் இப்படித்தான் நடக்கறீங்களா?"

"தெனமும் இல்லீங் சார்" என்றாள் அந்தப் பெண் அவசரமாக. "நீங்க லீவு போடறன்னைக்கு பஸ்ஸுதானுங்."

இதைவிடச் சுத்தமான புள்ளிவிவரம் ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. வாசலில் அந்த அம்மா இடுப்பில் சின்னப் பையனோடு நின்றிருந்தார். தலையில் பண்ணைக்குப் போகிற துண்டு கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவிழ்த்துவிட்டார்.

"வாங் சார், வாங்க. கண்ணு, சாருக்குச் சேரு எடுத்துப் போடு."

"நீங்க வேலைக்குக் கெளம்பறீங்களாட்ட இருக்குது?"

"அது கெடக்குதுங்க. அஞ்சு மணி வண்டி போயிருச்சுங்க."

சாயங்கால முட்டை எடுக்கப் பண்ணை வண்டி ஐந்து மணிக்கு வந்து ஆட்களை ஏற்றிப்போகும். மகள் வந்தால்தான் சின்னவனை விட்டுவிட்டு அவர் ஏற முடியும். மகள் வராத நாளெல்லாம் வண்டி அவரை விட்டுவிட்டுப் போனது. இப்படியே போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பண்ணையில் சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் சொன்னது அவர் அல்ல. சேர் கொண்டுவந்த மகள்தான், அம்மாவின் முறைப்பையும் மீறி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் "அந்த இங்கிலீஸ் மீடியத்து வேனு நாலேமுக்காலுக்கே வாசல்ல உட்டுருமாமா" என்றாள்.

"ஏனுங்க, அப்ப டி.சி. கேட்டது என்னாலதானுங்களா?" என்றேன்.

"அய்யய்யோ, சே சே! உங்களாலயா? என்னுங் சார் இப்படிக் கேட்டுப்போட்டீங்க! நீங்க சாமியாட்ட."

"நெஜமாச் சொல்லுங்க."

"உங்களாலயெல்லாம் இல்லவே இல்லீங்க."

எனக்கு இங்கிலீஷ் டீச்சர் ஞாபகம் வந்தது. "சரிங்க. பக்கத்து ஊட்டுல இப்படி ஒரு புள்ளைக்கு டி.சி. கேட்டாங்கன்னா, அது எதனாலங்க இருக்கும்?"

பக்கத்தில் வீடே இல்லை. கண்ணுக்கெட்டின வரைக்கும் மரவள்ளிதான் நின்றது. அந்த அம்மா அந்த மரவள்ளிக் காட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"பக்கத்து ஊட்டுப் புள்ளைங்களா… அந்தப் புள்ளைக்கு நாலு இருபது பஸ்ஸு தப்பாம கெடைச்சா, அவிங்கம்மா எதுக்குங்க டி.சி. கேக்கப் போறா? ஆடு ரெண்டும் அது பாட்டுக்கு மேஞ்சுட்டு இருக்கும்."

"அந்த வாத்தியாரை என்னங்க பண்ணலாம்?"

"அவரு நல்ல மனுசனுங்க." குரலைத் தாழ்த்தினார். "பேச்சுத்தானுங்க கொஞ்சம் நீளம்."

போகும்போது இரண்டு மரவள்ளிக் கிழங்கைக் கையில் திணித்தார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

கூட்டத்தன்று நான் அறிக்கையைப் படித்தேன். கதவு, தண்ணீர், ஓடு. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எப்போது முடியும் என்று படித்தபோது பெற்றோர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு பலங்களிலிருந்து அடித்துக் குறைகளில் எழுதின அந்த வரி வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"கடைசிப் பாடவேளையைக் கணித ஆசிரியர் உரிய நேரத்தில் முடிப்பதில்லை. இதனால் பேருந்தில் செல்லும் மாணவர்கள் அவதிப்படுகின்றனர்."

கூட்டத்தில் பெரிய சலசலப்பு. நேரம் போவதே தெரியாது என்று சொன்ன பெரியவர் எழுந்தேவிட்டார்.

"அந்த வரியை அழிச்சுப் போடுங் சார். யாருங்க அப்படிச் சொன்னது? நாக்கு அழுகிப் போயிருமுங்க!"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"வாத்தியாருக்குப் போயிக் கொறை எழுதுவாங்களாங்க? ஊருக்குள்ள கேட்டா என்ன நெனைப்பாங்க? நாலு வரி சேத்துப் புகழ்ந்து எழுதுங்க."

"வேணாங்க. ஏற்கெனவே புகழ்ந்ததுலயே ஆறு மாசமா புள்ளைங்க நடக்குது."

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. பெரியவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். தலைமையாசிரியை எழுந்து, திங்கட்கிழமையிலிருந்து ஏழாவதுக்குக் கணக்கு காலையில், கடைசி பீரியடு விளையாட்டு என்று ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்தார். பீரோவுக்குள் கிடந்த விளையாட்டுச் சாமானுக்கும் அதிலேயே விடிவு வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அந்த அம்மா சின்னவனோடு அலுவலக அறை வாசலில் வந்து நின்றார். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்ன நாள் அது. மகள் அவருக்குப் பின்னால், அந்த உதவித்தொகைத் தேர்வு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், அன்னைக்கு ஒரு தாளு குடுத்தனுங்களே."

"ஆமா."

"அதைத் திருப்பித் தந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க. பையன் கிறுக்கறதுக்குத் தாளு வேணுமுன்னு ஒரே அடமுங்க."

தலைமையாசிரியை ஒரு வினாடி அந்த அம்மாவைப் பார்த்தார். அறையில் வெள்ளைத் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. கண்ணாடிக் குண்டை நகர்த்தி, அந்தத் தாளை மட்டும் எடுத்துச் சின்னவன் கையில் கொடுத்தார்.

"வச்சுக்குங்க" என்றார். பெற்றோர் ஒருவரிடம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்ட முதல் 'ங்க' அதுதான்.

திட்ட அறிக்கையில் 'கண்காணிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. தீர்மானித்தது நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். அதில் என் பெயரை எழுதிவிட்டார்கள். ஆகவே தினமும் நாலேகாலுக்குப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று, கொட்டாய்ப் பிள்ளைகள் எல்லோரும் ஏறுகிறார்களா என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். முதல் வாரம் முழுக்க ஒருவர்கூடத் தப்பவில்லை. ஐந்து மணி வண்டியும் அந்த அம்மாவை விட்டுவிட்டுப் போகவில்லை என்று மகள் சொன்னாள்.

இரண்டாவது வாரம் ஒரு நாள். பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். அந்தப் பெண் படியில் நின்றபடி, தேர்வு நோட்டிலிருந்த ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டாள். சின்னக் கணக்குத்தான். நானும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். அதற்குப் பொருத்தமாக என் மாமனார் ஆட்டுச் சந்தைக்குப் போன கதை ஒன்று இருந்தது. பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்து, மாமனார் ஆட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு வந்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நமக்கொன்னுமில்லீங் சார். டிரைவருதான் சொல்றாரு, நீங்க அவ்வளவு நல்லா சொல்லிக் குடுக்கறீங்களாமா…"

நான் சட்டென்று காலை எடுத்துவிட்டேன்.